வாங்கினால் ஹலால்! கொடுத்தால் ஹராமா?

இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரத்தின் பக்கத்தில் நாலு மணி நேரம் படுத்து, இரத்தத்தைச் சுத்தி செய்துகொண்டு காலந்தள்ளுகிற ஒரு முஸ்லீம் தோழரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு நாள் நடுஇரவில், "உமக்குப் பொருந்தக்கூடிய சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, உடனே புறப்பட்டு வாரும்" என்று வைத்தியர் சொல்லியனுப்பினால் அவர் என்ன செய்வார்? அந்தச் சிறுநீரகத்துக்குச் சொந்தக்காரன் கலிமா சொன்னவனா, கோயிலுக்குப் போனவனா, பன்றி தின்றவனா, ஒரு சாமியையும் கும்பிடாதவனா என்று விசாரித்துக்கொண்டிருப்பாரா? ஒருக்காலும் விசாரிக்க மாட்டார். விசாரிக்கவும் வேண்டியதில்லை. அவருடைய பள்ளிவாசல் இமாமும் துவாச் செய்து அனுப்பி வைப்பார். வீட்டுப் பெண்கள் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். நமக்கும் அது சந்தோஷமேயாகும்.

ஆனால், அதே தோழருடைய தமையனார் மோட்டார் விபத்தில் தலையில் அடிபட்டு, மூளை செத்துப்போய், இயந்திரம் ஊதுகிற காற்றினால் மாத்திரம் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, அதே வைத்தியர் வந்து, "இவர் இறந்துவிட்டார்; இவருடைய சிறுநீரகங்களையும் ஈரலையும் கண்களையும் கொடுப்பீர்களானால் நாலைந்து பேர் பிழைப்பார்கள்" என்று கேட்டால், அப்போது மாத்திரம், "மார்க்கம் இதற்கு இடங்கொடுக்குமா? யாராவது ஆலிமைக் கேட்க வேண்டாமா?" என்ற பேச்சு எழுகிறது. வாங்கும்போது எழாத கேள்வி கொடுக்கும்போது மாத்திரம் ஏன் எழுகிறது என்பதுதான் இன்று நாம் யோசிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

முஸ்லீம்களைக் குறை கூற வேண்டுமென்று நாம் இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். குறை கூறுவதானால் நம் சொந்த வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அந்த வெட்கக்கேட்டையும் இவ்வியாசத்தின் கடைசியில் ஒளிக்காமல் சொல்லப்போகிறோம். நம்முடைய எண்ணமெல்லாம், ஒரு கேள்விக்கு நேராக விடை காண வேண்டும் என்பதைத் தவிர வேறில்லை.

ஆட்சேபணைகள்

உறுப்பு கொடுக்கக் கூடாது என்கிற முஸ்லீம்கள் சொல்லுகிற காரணங்களை அவர்கள் வாய்ப்படியே எடுத்துக்கொள்வோம். ஒன்று, இந்த உடல் அல்லா நம்மிடம் ஒப்படைத்திருக்கிற அமானிதம், நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை நாம் எப்படித் தானம் செய்ய முடியும் என்பது. எகிப்து தேசத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் தொலைக்காட்சியில் கேட்டு மயங்கிய ஷேக் ஷஃராவி அவர்கள் 1980-களில் இந்தக் காரணத்தையே சொன்னார். இரண்டாவது, மய்யித்துக்கு மரியாதை செய்ய வேண்டும், அதன் எலும்பை முறிப்பது உயிருள்ளவனின் எலும்பை முறிப்பதற்குச் சமானம் என்று ஹதீஸ் இருக்கும்போது அதைக் கத்தியால் அறுக்கலாமா என்பது. மூன்றாவது, மய்யித்தைக் காலதாமதமின்றிக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கஞ் செய்ய வேண்டியிருக்க, ஆஸ்பத்திரியில் போட்டு வைக்கலாமா என்பது. நாலாவது, மறுமையில் எழுப்பப்படும்போது கண்ணில்லாமலும் ஈரலில்லாமலும் எழுந்திருப்பதா என்கிற பயம்.

இவைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம்முடைய புத்தியைக் கொண்டு மாத்திரமல்லாமல் முஸ்லீம்கள் ஒப்புக்கொள்ளுகிற விஷயங்களைக் கொண்டே பார்ப்போம்.

உடல் ஆண்டவனுடைய அமானிதம் என்றால், செல்வம் யாருடையது? அதுவும் அவனுடையது என்றுதானே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரசங்கம் செய்யப்படுகிறது? அப்படியிருந்தும் அந்தச் செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்று ஜக்காத்தைக் கட்டாயக் கடமையாக்கியிருக்கிறதே! "பணம் என்னுடையதல்ல, அல்லாவுடையது, ஆகவே ஏழைக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை" என்று ஒரு பணக்காரர் சொன்னால் அவரை எந்த ஆலிமாவது மெச்சுவாரா? அமானிதம் என்ற சொல்லுக்கு, தேவைப்பட்ட இடத்தில் சேர்ப்பிக்க வேண்டிய பொருள் என்று பணத்தின் விஷயத்தில் அர்த்தம் செய்துகொண்டு, உடலின் விஷயத்தில் மாத்திரம், புழுவுக்குச் சேர்ப்பிக்க வேண்டிய பொருள் என்று அர்த்தம் செய்வது என்ன நியாயம்?

மய்யித்தை அறுக்கலாமா என்பதற்கு, பழைய பிக்ஹ் ஆசிரியர்களே பதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணி ஒருத்தி இறந்துபோய், வயிற்றில் பிள்ளை உயிரோடிருந்தால், அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வயிற்றைக் கிழிக்கலாம் என்று ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் சொல்லியிருக்கிறது. அதுமட்டுமல்ல, பிறருடைய விலையுயர்ந்த கல்லை விழுங்கிவிட்டு ஒருவன் இறந்துபோனால், கல்லுக்குடையவன் கேட்கும்போது வயிற்றைக் கிழித்து எடுத்துக் கொடுக்கலாம் என்றுகூட ஷாஃபி மத்ஹபின் பெரிய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு கல்லுக்காக வயிற்றைக் கிழிக்கலாம் என்றால், ஒரு மனிதனுடைய உயிருக்காகக் கிழிக்கக் கூடாதா? எலும்பை முறிக்காதே என்ற வார்த்தை பிணத்தை அவமதிப்பவனைக் குறித்துச் சொன்னதா, அல்லது பிணத்தைக் கொண்டு உயிர்காக்கிற வைத்தியனைக் குறித்துச் சொன்னதா என்பதைத் தோழர்களே யோசித்துக்கொள்ள வேண்டும்.

அடக்கம் தாமதமாகிறது என்பதும் அளவுக்கு மீறிய பயமாகும். கண் கொடுப்பதானால், இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எடுப்பதற்குப் பிடிக்கிற நேரமோ இருபது நிமிஷம். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலிருக்கிற கருவிழிப் படலத்தை எடுப்பதால் முகம் விகாரப்படுவதுமில்லை. மற்ற உறுப்புகளை எடுக்கச் சில மணி நேரம் ஆகும். ஆனால் விபத்தில் இறந்தவனுடைய உடல் போலீஸ் விசாரணைக்கும் பிண பரிசோதனைக்கும் ஒரு பகலும் ஒரு இரவும் கிடப்பதை நாம் பார்க்கவில்லையா? சர்க்கார் காகிதத்துக்காகக் காத்திருக்கிற மய்யித்து, சாகக்கிடக்கிறவனுக்காகச் சற்று நேரம் காத்திருக்கக் கூடாதா?

மறுமையைப் பற்றிச் சொல்வதானால், கடலில் மூழ்கி மீனுக்கு இரையானவனும், நெருப்பில் வெந்து சாம்பலானவனும் முழு உருவோடு எழுப்பப்படுவார்கள் என்று நம்புகிறவர்கள், கண் கொடுத்தவன் மாத்திரம் குருடனாக எழுவான் என்று பயப்படுவது எப்படிப் பொருந்தும்? மூத்தா யுத்தத்தில் இரண்டு கைகளையும் இழந்து மாண்ட ஜஃபர் என்பவருக்குச் சொர்க்கத்தில் கைகளுக்குப் பதிலாகச் சிறகுகள் கிடைத்தன என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறார்களே, வாளுக்குக் கை கொடுத்தவருக்குச் சிறகு கிடைக்கும்போது, குருடனுக்குக் கண் கொடுத்தவருக்குக் குருடுதான் கிடைக்குமோ? அந்த உலகம் உண்டா இல்லையா என்கிற விவகாரத்துக்கே நாம் இப்போது போகவில்லை. உண்டு என்று வைத்துக்கொண்டாலும், இந்தப் பயம் அந்த ஆண்டவனுடைய சக்தியையே குறைத்துப் பேசுவதாகும் என்பதைத்தான் சொல்லுகிறோம்.

ஒரு பாலத்தின் இரண்டு முனைகள்

நிற்க, "இதெல்லாம் உங்கள் குதர்க்கம், மார்க்கத் தீர்ப்பு மாறாதது" என்று யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்காக ஒரு சரித்திரம் சொல்லுகிறோம்.

மலேசியாவின் ஜொகூரையும் சிங்கப்பூரையும் ஒரு பாலம் இணைக்கிறது. அதன் நீளம் ஒரு கிலோ மீட்டருக்குச் சற்றே அதிகம். இரண்டு முனைகளிலும் மலாய் முஸ்லீம்கள் வாழ்கிறார்கள். ஒரே குர்ஆன், ஒரே ஷாஃபி மத்ஹபு, ஒரே பாஷை, அநேகருக்கு உறவினர்கள்கூட இரண்டு பக்கத்திலும் உண்டு. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைக்கப்போன நம்மவர்களும் அவர்களோடு அங்கே வாழ்ந்து வருகிறார்கள். 1970-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மலேசியாவின் தேசிய பத்வாக் கமிட்டி கூடி, இறந்தவருடைய கண்ணையும் இருதயத்தையும் நோயாளிக்கு வைக்கலாம், அது ஆகுமானது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 1973-ல் சிங்கப்பூரில் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் பத்வாக் கமிட்டி கூடி, உறுப்பு கொடுப்பது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே, பாலத்தின் அந்த முனையில் ஹலாலானது, கால்மணி நேரம் நடந்து இந்த முனைக்கு வருவதற்குள் ஹராமாகிவிட்டது!

பிறகு நடந்ததையும் கேளுங்கள். பிறருடைய உறுப்பை நம் உடல் அந்நியமென்று கண்டு எதிர்த்து அழிக்கப் பார்ப்பதே இவ்வைத்தியத்துக்கு நெடுநாள் தடையாயிருந்தது. 1980-களின் ஆரம்பத்தில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து புழக்கத்துக்கு வந்து அந்த எதிர்ப்பை அடக்கவே, வைத்த சிறுநீரகங்கள் நிலைக்க ஆரம்பித்தன. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் மலாய் முஸ்லீம்களிடையே சிறுநீரகங்களைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அதே சிங்கப்பூர் பத்வாக் கமிட்டி, 1980-களின் நடுவில், ஒரு முஸ்லீம் உயிரோடிருக்கும்போது தானே முன்வந்து எழுதிக் கொடுத்திருந்தால் சிறுநீரகம் எடுக்கலாம் என்று தீர்ப்பை மாற்றிற்று.

1987-ல் சிங்கப்பூர் சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோரும் விபத்தில் இறந்தால் சிறுநீரகம் கொடுக்கச் சம்மதித்தவர்களாகவே கொள்ளப்படுவார்கள் என்பது அந்தச் சட்டம். அதிலிருந்து முஸ்லீம்களை மாத்திரம் மதத்தை உத்தேசித்து விலக்கி வைத்தார்கள். அன்றைக்கு அது பெரிய சலுகையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், அந்தச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. கொடுக்கச் சம்மதித்தவனுக்கே வாங்குவதில் முதலிடம் என்பதே அது. ஆகவே, தானாக எழுதிக் கொடுக்காத முஸ்லீம், சிறுநீரகம் கெட்டுப்போய் வரிசையில் நிற்கும்போது பின்னுக்குத் தள்ளப்பட்டார். மார்க்கத்துக்குக் கிடைத்த சலுகை, மார்க்கத்தைப் பின்பற்றுகிற நோயாளிக்குத் தண்டனையாக முடிந்தது!

கடைசியில் 2007-ல் அந்தக் கமிட்டியே, முஸ்லீம்களும் எல்லோரையும்போல அந்தச் சட்டத்துக்குள் வரலாம் என்று பத்வாக் கொடுத்து, 2008-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி முதல் அவ்விதமே சட்டம் அமுலுக்கு வந்தது. வேண்டாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளும் உரிமை முஸ்லீம்களுக்கும் மற்றவர்களைப் போலவே இருக்கிறது.

1973-க்கும் 2007-க்கும் இடையில் முப்பத்துநாலு வருஷங்கள். இந்த முப்பத்துநாலு வருஷங்களில் குர்ஆனில் ஒரு வசனமாவது கூடிற்றா? குறைந்ததா? ஒரு புள்ளியாவது மாறிற்றா? ஒன்றுமில்லை. மாறியதெல்லாம் மனிதனுடைய அறிவும் அனுபவமும் அவன் கண்ணெதிரில் கிடந்த நோயாளியுமேயாகும். மாற்றினவர்களை நாம் பரிகாசம் செய்யவில்லை. தெரியாத காலத்தில் கூடாது என்று சொல்லி, தெரிந்த பிறகு கூடும் என்று சொல்லத் துணிந்தவர்களைப் பாராட்டவே செய்கிறோம். ஆனால், இடையில் வரிசையில் நின்று செத்தவர்களுக்கு யார் ஜவாப்தாரி என்பதை மாத்திரம், இன்றும் மாற மாட்டோம் என்கிறவர்கள் சொல்ல வேண்டும்.

வலிக்கிறவனும் வலிக்காதவனும்

மற்றத் தேசங்களிலும் இதே கதைதான். எகிப்தின் முஃப்தி 1959-லேயே இறந்தவர் கண்ணை எடுக்கலாம் என்றார். ஆனால் அதே எகிப்தில் இறந்தவரிடமிருந்து மற்ற உறுப்புகளை எடுக்கச் சட்டம் வருவதற்கு 2010 ஆயிற்று. மக்காவையும் மதீனாவையும் வைத்திருக்கிற சவூதி அரேபியாவின் பெரிய உலமாக்கள் சபை 1982-ல் உயிருள்ளவரும் கொடுக்கலாம், இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 1986-ல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி, மூளை மீளாதபடி செத்துப்போனதும் மரணமே என்று ஒப்புக்கொண்டது. 1988-ல் ஜித்தாவில் கூடி, விலைக்கு விற்பது மாத்திரம் கூடாது, நிபந்தனைகளுக்குட்பட்டுத் தானமாகக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தது. ஷியாக்களின் ஈரானில் 2000-ம் வருஷம் பார்லிமெண்டே மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்கச் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் முஸ்லீம் ஷரீஅத் கவுன்சில் 1995-ல் சரி என்றது. மூளைச்சாவை மரணமென்று ஒப்பாத உலமாக்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால், அவர்களுங்கூட வாங்குகிறவனைத் தடுப்பதாகக் காணோம்.

நம் தேசத்திலோ, டில்லியில் இருக்கிற இந்திய இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி 1989-ல் கூடி ஒரு விசித்திரமான முடிவு செய்தது. உயிரோடிருக்கிறவர் தம் உறவினரைக் காப்பாற்ற ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாமாம். ஆனால், "நான் மௌத்தான பிறகு என் உறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வைத்தால் அது செல்லாதாம்! தோழர்களே, இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். உயிருள்ளவனை அறுத்தால் வலிக்கும், இரத்தம் போகும், நாளைக்கு அவனுடைய மிச்சமுள்ள ஒரு சிறுநீரகம் கெட்டால் அவனே நோயாளியாவான். பெரும்பாலும் அப்படிக் கொடுக்கிறவர் யார் என்று விசாரித்தால் தாயோ மனைவியோதான். செத்தவனுக்கோ வலியுமில்லை, நஷ்டமுமில்லை. வலிக்கிறவளிடம் எடுக்கலாம், வலிக்காதவனிடம் எடுக்கக் கூடாது என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? கபருக்குள் போகிற இரண்டு சிறுநீரகங்களுக்காக, அடுப்படியில் நிற்கிற ஒரு தாய் தன் விலாவை அறுத்துக்கொள்ள வேண்டுமா?

அடுத்த வீட்டுக் கண்கள்

இலங்கையில் ஹட்சன் சில்வா என்கிற வைத்தியர், 1960-ல் தம் தாயார் இறந்தபோது அவருடைய கருவிழியை ஒரு ஏழைக்கு வைக்கச் செய்து, அடுத்த வருஷம் கண்தானச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். அன்று முதல் சிங்கள பௌத்தர்கள் ஊர் ஊராகக் கண் எழுதிக் கொடுத்தார்கள். தங்கள் நாட்டுக் குருடர்களுக்குப் போக மிச்சமானதை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பிய கண்களை மிகுதியாகப் பெற்ற தேசம் எது தெரியுமா? பாகிஸ்தான். ஆயிரமாயிரம் பாகிஸ்தானியர்கள் இன்று குர்ஆன் ஓதுவதும், பெற்ற பிள்ளை முகம் பார்ப்பதும், ஒரு சிங்களக் கிழவரோ கிழவியோ சாகும்போது விட்டுப்போன கண்ணாலேயாகும். இதை ஹராம் என்று யாராவது திருப்பி அனுப்பினார்களா? இல்லை. அது மிகவும் சரி. ஆனால், அதே பாகிஸ்தானில் முஃப்தி முஹம்மது ஷாஃபி போன்ற பெரிய ஆலிம்கள் 1960-களில் உறுப்பு மாற்றுவது கூடாது என்று எழுதினதை இன்னும் எடுத்துக் காட்டிக்கொண்டு, கொடுக்கக் கூடாது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிணத்தின் கண் ஆகும், நம் வீட்டுப் பிணத்தின் கண் ஆகாது என்றால் இது மார்க்கமா, கணக்கா?

அந்தத் தேசத்திலேயே இதற்குப் பதில் சொன்னவரும் ஒருவர் இருந்தார். கராச்சியில் அனாதைகளுக்கும் அனாதைப் பிணங்களுக்கும் ஒரே கதியாயிருந்த அப்துல் சத்தார் எதீ அவர்கள் சிறுநீரகம் கெட்டு, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்துகொண்டு சில வருஷங்கள் இருந்து, 2016-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி காலமானார். நோயினால் அவருடைய மற்ற உறுப்புகள் உதவாமற்போயின. அவர் சொல்லி வைத்தபடி கண்கள் இரண்டு குருடர்களுக்கு வைக்கப்பட்டன. மறுநாள் அந்த மய்யித்துக்கு ஆயிரக்கணக்கான முஸ்லீம்கள் அணிவகுத்து நின்று ஜனாஸா தொழுதார்கள். வாழ்நாளெல்லாம் அநாதைப் பிணங்களுக்கு மரியாதை செய்து அடக்கிய அந்த மனிதரைவிட, மய்யித்துக்குச் செய்ய வேண்டிய மரியாதை இன்னதென்று அறிந்தவர் யார் இருக்கிறார்?

ஏழையின் சந்தேகம்

இது இப்படியிருக்க, கொடுக்க மறுக்கிற எல்லோரையும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. எகிப்தில் சிறுநீரகம் கெட்ட ஏழைகளிடம் பேசிப் பழகி ஷெரின் ஹம்தி என்கிற அம்மையார் 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார். "உடல் ஆண்டவனுடையது" என்று அந்த ஏழைகள் சொன்ன வார்த்தைக்குள்ளே, கெட்ட தண்ணீரைக் குடிக்க வைத்த சர்க்காரின் பேரிலும், ஏழையை மதிக்காத ஆஸ்பத்திரியின் பேரிலும் உள்ள அவநம்பிக்கையும் அடங்கியிருந்தது என்று அதில் காட்டியிருக்கிறார். பாகிஸ்தானில் 2007-ல் சட்டம் வரும்வரை, கடன்பட்ட கூலிக்காரர்கள் சிறுநீரகத்தை விற்பதும், வெளிநாட்டுப் பணக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவதும் வியாபாரமாகவே நடந்தது. நம் சென்னையில் மாத்திரம் என்ன வாழ்ந்தது? 1994-ல் சட்டம் வருவதற்கு முன், வில்லிவாக்கத்து ஏழைகள் சிறுநீரகம் விற்றதைப் பார்த்து அந்த ஊருக்கே "கிட்னிவாக்கம்" என்று பட்டப்பெயர் வைத்தார்களே!

ஆகவே, "என் தகப்பனார் ஏழை என்பதால் அவசரப்பட்டுச் செத்ததாக எழுதிவிடுவார்களோ? எடுத்த உறுப்பு பணக்காரனுக்கு விலைக்குப் போகுமோ?" என்று ஒருவன் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்துக்கு மதம் காரணமல்ல. அதை வசனம் சொல்லியும் தீர்க்க முடியாது, பகுத்தறிவுப் பிரசங்கம் செய்தும் தீர்க்க முடியாது. மரணத்தை முடிவு செய்கிற வைத்தியர் வேறு, உறுப்பு எடுக்கிற வைத்தியர் வேறாக இருப்பதையும், வரிசைப்படியே கொடுக்கப்படுவதையும், உடலைத் தைத்து மரியாதையாகச் சீக்கிரம் வீட்டாரிடம் ஒப்படைப்பதையும் ஜனங்கள் கண்ணால் காணும்படி செய்தால்தான் தீரும். இதைச் செய்ய வேண்டியது சர்க்காருடையவும் ஆஸ்பத்திரிகளுடையவும் கடமை. அதைச் செய்யாமல் முஸ்லீம்கள் கொடுப்பதில்லை என்று புள்ளி போட்டுக் காட்டுவது யோக்கியமாகாது.

நம் வீட்டுக் கதை

முஸ்லீம் தோழர்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று எண்ணுகிற இந்துத் தோழர்களுக்கு, முன்னே சொன்னபடி நம் வீட்டுக் கதையைச் சொல்லுகிறோம். நம் தகப்பனார் சாகும்போது, "கண்ணைக் கொடுத்துவிடு" என்று சொல்லியிருந்தார். நாமோ பல வருஷங்களாக ஊரூராகப் போய்க் கண்தானத்தைப் பற்றிப் பேசி வருகிறவர். விடியற்காலம் உயிர் பிரிந்தது. உடனே ஆளனுப்ப எழுந்தோம். அத்தை தடுத்தார். "கண்ணைப் பிடுங்கி அனுப்பினால் அடுத்த ஜன்மத்தில் குருடனாய்ப் பிறப்பானே, நீ மகன்தானா?" என்று கேட்டார். சித்தப்பா, பெரியவர்கள் எல்லோரும் வரட்டும் என்றார். பெரியவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சமாதானம் சொன்னோம். எல்லோரும் அரைமனதாக ஒப்புக்கொண்டு வைத்தியருக்குச் சொல்லியனுப்பியபோது ஏழு மணி நேரம் கழிந்துபோயிருந்தது. இனிப் பயன்படாது என்று பதில் வந்தது. இரண்டு குருடர்களுக்குப் போக வேண்டிய கண்களை நம் கையாலேயே கொள்ளி வைத்துச் சாம்பலாக்கிவிட்டு வந்தோம். நமக்கு எந்த முஃப்தி பத்வாக் கொடுத்தார்? எந்த வேதம் தடுத்தது? ஒன்றுமில்லை. ஊரெல்லாம் பேசின நாம், நம் வீட்டுக்குள் அத்தையிடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பேசவில்லை. அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மறுபிறப்பை நம்புகிற இலங்கைப் பௌத்தர், கண் கொடுத்தால் வருகிற பிறவிக்குப் புண்ணியம் என்று கொடுக்கிறார். அதே மறுபிறப்பை நம்புகிற நம் அத்தை, கண் கொடுத்தால் வருகிற பிறவி குருடு என்று தடுக்கிறார். இரண்டும் ஒரே நம்பிக்கைதான். ஆகவே, நம்பிக்கை மனிதனைத் தடுப்பதாகச் சொல்லுவது பாதிதான் உண்மை. எந்தப் பக்கம் போக மனது இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு நம்பிக்கையையும் வசனத்தையும் மனிதன் இழுத்துக்கொள்ளுகிறான். ஜொகூர்ப் பாலத்தின் இரண்டு முனைகளிலும் நடந்தது அதுவே, நம் வீட்டுக் கூடத்தில் நடந்ததும் அதுவே.

ஆதலால், முஸ்லீம் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது இவ்வளவுதான். வாங்குவது ஆகும் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் உலமாக்களில் பெரும்பகுதியார் கொடுப்பதும் ஆகும் என்று தீர்ப்பளித்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஓர் உயிரைக் காப்பதன் பெருமையைப் பேசுகிற ஐந்தாவது அத்தியாயத்து 32-ம் வசனத்தை ஒவ்வொரு மீலாது மேடையிலும் கேட்கிறீர்கள். அந்த வசனத்தைச் சொல்லுகிற இமாம்கள், உறுப்புக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வெள்ளிக்கிழமை வெளிப்படையாகப் பேசட்டும். கூடாது என்று நினைக்கிறவர், தாமும் தம் வீட்டாரும் வாங்குவதும் கூடாது என்று சேர்த்துச் சொல்லட்டும். அப்போது அவருடைய நேர்மைக்காவது நாம் தலைவணங்குவோம்.

நம்மவர்கள் எல்லோருக்கும், எந்த மதத்தவரானாலும் மதமே இல்லாதவரானாலும் சரி, சொல்லுவது ஒன்றுண்டு. சாவு வீடு வாதம் செய்கிற இடமல்ல. அங்கே அழுகைதான் ஜெயிக்கும். பேச வேண்டியதை இன்றைக்கே, எல்லோரும் சுகமாயிருக்கும்போதே, சாப்பிட உட்காருகிற இடத்தில் மனைவியிடமும் மக்களிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் பேசிவிடுங்கள். நாம் பேசாமலிருந்து இரண்டு கண்களை எரித்தோம். நீங்கள் பேசாமலிருந்து புதைக்க வேண்டாம்.